ஊர்ச் சொலவடைகளைத் திரட்டி நூலாக்குவது எப்படி: முதல்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் ஊர்ப் பெரியவர்களின் வாயில் இன்றும் புழங்குகிற பழமொழிகளைத் திரட்டி ஒரு சிறு நூலாகக் கொண்டுவர வேண்டும் என்று நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊர்களில் நான் இந்த வேலையில் இறங்கியபோது, ஒலிப்பதிவைப் பற்றி ஒருவரிடமும், நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைப் பற்றி இன்னொருவரிடமும், தாள் கணக்கைப் பற்றி அச்சகத்திலும் எனத் தனித்தனியாகக் கேட்டு அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். பழமொழியின் வரலாறு, இலக்கணம் ஆகியவற்றுக்குள் நான் போகவில்லை. என்ன செய்ய வேண்டும், எதற்கு எவ்வளவு ஆகும், எதை எப்போது முடிக்க வேண்டும் என்பவற்றை மட்டுமே சொல்கிறேன்.

1. எல்லையை முதலில் வரையுங்கள்

"தமிழ்ப் பழமொழிகள்" என்று தொடங்கினால் வேலை முடியாது. ஏற்கெனவே பெரிய தொகுப்புகள் இருக்கின்றன. பெர்சிவல் பாதிரியார் 1874இல் வெளியிட்ட பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன, ஜென்சன் 1897இல் பொருள்வாரியாகப் பிரித்து வெளியிட்டார், கி.வா.ஜகந்நாதனின் தொகுப்பு நான்கு தொகுதிகளாக வந்திருக்கிறது. அவற்றோடு எண்ணிக்கையில் போட்டியிடுவதில் பயனில்லை. ஒரு கண்மாயைச் சுற்றியுள்ள நான்கைந்து ஊர்கள், அல்லது ஒரே ஊரில் ஒரு தொழில், அல்லது மழையும் வெள்ளாமையும் பற்றியவை மட்டும் என்று குறுக்கிக்கொண்டால், மற்றவர் தொகுப்பில் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கும்: அந்த வரியை யார், எப்போது, எதற்காகச் சொன்னார் என்ற விவரம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த விவரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றித்தான்.

2. பருவம் பார்த்துப் போங்கள்

கரிசல் மானாவாரியில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைப்பும், தை, மாசியில் அறுப்பும் நடக்கும். இந்த மாதங்களில் பகலில் போய் யாரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லாதீர்கள். அது அவர்களுக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் அவசரப் பேச்சுதான் கிடைக்கும். பங்குனி முதல் ஆனி வரை பொழுது சாவகாசமாக இருக்கும். ஆனால் விதைப்பு, களையெடுப்பு தொடர்பான சொலவடைகள் அந்த வேலை நடக்கும்போதுதான் நாவில் வருகின்றன. ஆகவே கோடையில் ஆட்களைப் பழக்கிக்கொண்டு, விதைப்புக் காலத்தில் கரையில் நின்று காது கொடுக்கும்படி திட்டமிடுங்கள். அதாவது, ஒரு முழு வேளாண்மை ஆண்டு இல்லாமல் இந்த நூல் சரியாக அமையாது. இரண்டு மாத விடுமுறையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் எல்லையை இன்னும் குறுக்கிக்கொள்ளுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சாதாரணத் திறன்பேசியும், சட்டையில் மாட்டும் சிறு மைக்கும் போதும். காற்று வீசும் கரிசலில் மைக்கின்மேல் பஞ்சுறை இல்லாவிட்டால் பதிவு முழுவதும் இரைச்சலாகத்தான் இருக்கும். மைக்கைவிட அந்த உறை முக்கியம் என்றுகூடச் சொல்வேன். பதிவை வேவ் வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 320 எம்பி இடம் பிடிக்கும். இரட்டைத் தடமானால் அதைப்போல் இரு மடங்கு. பேச்சுக்கு ஒற்றைத் தடமே போதும். அன்றிரவே இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஒப்புதல் தாள். பழமொழி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் குரல், ஒளிப்படம், அவர் சொல்லும் விளக்கம், குடும்பக் கதை ஆகியவை அவருடையவை. "என் பேச்சைப் பதிவுசெய்யவும், நூலில் என் பெயருடன் வெளியிடவும் சம்மதிக்கிறேன்" என்று அவருக்குப் புரியும் தமிழில் இரண்டே வரிகள் எழுதி, பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டதும் பலர் பின்வாங்குவார்கள். கடன் பத்திரத்திலும் நிலப் பத்திரத்திலும் கைநாட்டு வைத்துப் பட்டவர்களின் பயம் அது, அதில் நியாயமும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் தாளை வற்புறுத்தாமல், ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே சம்மதத்தை வாய்மொழியாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பழமொழிக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்காதீர்கள். எண்ணிக்கைக்குக் காசு என்று ஆனதும், அந்த ஊரில் யாரும் கேட்டிராத சொலவடைகள் மளமளவென்று பிறக்கும். வெற்றிலை பாக்கு, பலகாரம், பிறகு அச்சான நூலில் ஒரு படி என்பது போதுமான மரியாதை.

4. கேட்கும் முறை

புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். "பாட்டி, உங்களுக்குத் தெரிந்த பழமொழிகளைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ள பத்து வரிகள்தான் வரும். அவற்றுக்கு நீங்கள் ஊருக்கே போக வேண்டியதில்லை. சொலவடை என்பது கேட்டால் வருவதில்லை. சண்டையிலும் புறணியிலும் வேலைக் களைப்பிலும் தானாக விழுவது.

அதனால் பழமொழியைக் கேட்காமல் செய்தியைக் கேளுங்கள். போன ஆண்டு பருத்தி என்ன விலைக்குப் போனது, மூத்த மருமகள் எப்படி, பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பைத் தள்ளிவிட்டாரா, கண்மாய் பெருகி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பேச்சை எடுத்துக்கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் அப்பத்தாவிடம் நேரடியாகக் கேட்டதற்கு, "சொலவடையாவது ஒண்ணாவது, சோலியப் பாரு தாயி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உரமூட்டை விலையைப் பற்றிப் பேச்சு திரும்பியதும் அவரே, "உழுதவன் கணக்குப் பாத்தா உழக்கும் மிஞ்சாதுன்னு சும்மாவா சொன்னாக" என்று தொடங்கி, அடுத்த அரை மணி நேரத்தில் கடன், கூலி, தரகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போட்டுக்கொண்டே போனார். நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இந்த மாதிரியான பேச்சைத்தான்.

இடமும் முக்கியம். நூறு நாள் வேலை நடக்கும் இடம், டீக்கடை பெஞ்சு, மாலையில் பீடி சுற்றும் திண்ணை, கோயில் கொடைக்குப் பந்தல் போடும் நேரம் ஆகியவை தனியறைப் பேட்டியைவிட அதிகம் தரும். பலர் கூடியிருக்கும்போது ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்துவார். அந்தத் திருத்தம்தான் உங்களுக்குக் கிடைக்கும் பாடபேதம், அதாவது அதே வரியின் வேறு வடிவம். பெண்களிடம் பேசப் பெண் ஒருவர் உடன் வருவது நல்லது. மாமியார், மருமகள், நாத்தனார் பற்றிய சொலவடைகள் ஆண்கள் இருக்கும் இடத்தில் பாதிக்குமேல் வெளிவருவதில்லை.

5. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை

கேட்டதை நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டே போகாதீர்கள். ஒரு பழமொழிக்கு ஓர் அட்டை, அல்லது விரிதாளில் ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

வரி: எள்ளுக்கு ஏழு உழவு, கொள்ளுக்கு ஓர் உழவு.
சொன்னவர்: பெண், எழுபது வயதுக்கு மேல், விவசாயக் கூலி.
நேர்பொருள்: எள் விதை பொடியானது, மண் நன்றாகப் பொலபொலக்க வேண்டும், கொள்ளு எந்த மண்ணிலும் ஒட்டிக்கொள்ளும்.
சொன்ன சூழல்: இரண்டு பேத்திகளைப் பற்றிப் பேசும்போது. ஒருத்திக்கு ஏழு முறை சொன்னால்தான் ஏறும், மற்றவளுக்கு ஒரு முறை சொன்னால் போதும் என்ற பொருளில்.
பாடபேதம்: இல்லை.
ஒலிக்கோப்பு: தேதி, ஊர், வரிசை எண், நிமிடம்.

இதில் நான்காவது இடம் காலியாக இருந்தால் அந்த அட்டை பாதி அட்டைதான். வேளாண்மை வரி என்று எந்தத் தொகுப்பிலும் கிடைக்கிற ஒன்று, அந்த ஊரில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசப் பயன்படுகிறது என்பதை நீங்கள் மட்டுமே பதிவுசெய்ய முடியும். பொருளையும் சொன்னவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த பொருளை எழுதி நிரப்பிவிடாதீர்கள்.

பாடபேதங்களில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பயிருக்கு இடைவெளி விடுவதைப் பற்றிய வரி ஒன்று எல்லோருக்கும் தெரியும்: நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட. இதில் கரும்பைச் சேர்த்துச் சொல்லும்போது சிலர் "ஏரோட" என்கிறார்கள், சிலர் "நரியோட" என்கிறார்கள். இரண்டையும் இரண்டு அட்டையாகப் போட்டு, எந்த ஊரில் எது என்று குறியுங்கள்.

6. எழுத்தாக்கமும் சரிபார்ப்பும்

ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுத நான்கைந்து மணி நேரம் பிடிக்கும் என்று கணக்கு வையுங்கள். கணினி தானாக எழுத்தாக்கித் தருவதை நம்பி வட்டார வழக்கை விட்டுவிட வேண்டாம். "சொன்னாக", "வந்தாக" என்பவற்றை அது பெரும்பாலும் பொதுத்தமிழாக மாற்றிவிடும். வரியைப் பேச்சு வடிவிலேயே எழுதி, அடியில் பொது எழுத்து வடிவைத் தாருங்கள்.

பிறகு ஒவ்வொரு வரியையும் முன்னே சொன்ன தொகுப்புகளோடு ஒப்பிடுங்கள். பழைய பதிப்புகளின் பிரதிகள் இணைய ஆவணக் காப்பகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் கிடைக்கின்றன. சென்னையில் இருப்பவர்கள் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு நேரில் போகலாம். ஒவ்வொரு பாடலிலும் ஒரு பழமொழியை வைத்திருக்கும் "பழமொழி நானூறு" நூலையும் ஒருமுறை புரட்டுங்கள். ஏற்கெனவே அச்சில் உள்ளது என்பதற்காக எதையும் நீக்க வேண்டாம். அட்டையில் ஒரு குறி போட்டால் போதும். அந்தக் குறி இல்லாதவைதான் முன்னுரையில் நீங்கள் எடுத்துக்காட்ட வேண்டியவை.

இந்த இடத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. "மண் குதிரை அல்ல, மண் குதிர்", "ஆயிரம் பேரை அல்ல, ஆயிரம் வேரை" என்று பழமொழிகளுக்கு "உண்மையான" வடிவம் கண்டுபிடித்துச் சொல்லும் பதிவுகள் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் சில பொருந்தக்கூடும், பலவற்றுக்கு ஆதாரம் காட்டப்படுவதில்லை. உங்கள் ஊரில் மண் குதிரை என்று சொன்னால் மண் குதிரை என்றே அச்சிடுங்கள். இளைஞர் ஒருவர் புதுவிளக்கம் சொன்னால் அதை எங்கே கேட்டார் என்று கேளுங்கள். கைப்பேசியில் வந்தது என்றால் அதையும் அட்டையில் எழுதிவிடுங்கள்.

7. அச்சிடலாமா என்று யோசிக்க வேண்டியவை

நூறு வரிகளைத் திரட்டினால் சாதியைப் பெயர்சொல்லி இழிவுபடுத்துபவை, பெண்களைக் கேவலமாகப் பேசுபவை, உடற்குறையைக் கேலி செய்பவை ஆகியவை அவற்றில் நிச்சயம் இருக்கும். ஆய்வுக்கான ஆவணத்தில் அவற்றை வைத்திருப்பது வேறு, ஊர்ப் பெயரும் சொன்னவர் பெயரும் போட்டு விற்பனைக்கு அச்சிடுவது வேறு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 என்று ஒன்று இருப்பதை மறக்க வேண்டாம். வழக்கு வருமா என்பதைவிட, சொன்னவர் அதே தெருவில் நாளையும் நடமாட வேண்டும் என்பதே என் முதல் கவலை. சாதிப் பெயர் வரும் வரிகளை நூலில் சேர்க்காமல் விட்டுவிட்டு, விட்டிருக்கிறோம் என்பதை முன்னுரையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மையானது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள ஆய்வாளர்கள் உண்டு. ஐயமிருந்தால் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையிலோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறவியல் துறையிலோ உள்ளவர்களிடம் படியைக் காட்டிக் கேளுங்கள்.

8. அகரவரிசையும் எழுத்துருவும்

அட்டைகளை விரிதாளில் வைத்திருந்தால் ஒரு சொடுக்கில் அகரவரிசை வந்துவிடும் என்று நம்பாதீர்கள். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடின் அட்டவணையில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்தே வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ் முறை தெரியாத மென்பொருள் அந்த வரிசையையே பின்பற்றி, "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்பதை "ஆபத்துக்குப் பாவம் இல்லை" என்பதற்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும். நம் முறைப்படி ன கடைசியில் வர வேண்டும். மென்பொருளில் மொழியைத் தமிழ் என்று அமைத்துப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் கையால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பின்னிணைப்பில் பொருள்வாரியான சுட்டியும் கொடுங்கள், ஏனெனில் வாசகருக்கு வரியின் முதற்சொல் பெரும்பாலும் நினைவிருக்காது.

அச்சகத்தைப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "யூனிகோடிலேயே பக்கம் அமைப்பீர்களா?" என்பது. நான் முதலில் போன அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைத்தார்கள். மெய்ப்பு வந்தபோது "கொள்ளு" என்ற சொல்லின் கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் மீதி அடுத்த வரியிலுமாகக் கிடந்தது. நூல் முழுவதும் அப்படி. எந்த அச்சகமானாலும் முழுப் பணியையும் ஒப்படைக்கும் முன் இரண்டு பக்கம் மட்டும் மாதிரி அமைத்து வாங்கிப் பாருங்கள்.

9. ஐஎஸ்பிஎன், பதிப்புரிமை, நிதியுதவி

ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின்கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழி தருகிறது. கட்டணம் கிடையாது. "வாங்கித் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். தனிநபரே ஆசிரியர்-பதிப்பாளராக விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தலைப்புப் பக்கம், அட்டை வடிவம் ஆகியவற்றை வருடிய கோப்புகளாகத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம், தலைப்புப் பக்கம், அட்டை மூன்றிலும் நூற்பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். 13 இலக்க எண் அட்டையின் பின்புறமும் உரிமைப் பக்கத்திலும் அச்சாக வேண்டும் என்பதால் அச்சுக்குக் கொடுப்பதற்கு வெகுமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள். மின்னூலும் வெளியிடுவதானால் அதற்குத் தனி எண் வேண்டும்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. பழமொழிகள் உங்களுக்குச் சொந்தமாகப் போவதில்லை. நீங்கள் எழுதிய விளக்கம், குறிப்புகள், தொகுத்த முறை ஆகியவற்றுக்கே உரிமை உண்டு, அதுவும் பதியாமலேயே உண்டு. இருந்தும் பதிய விரும்பினால், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்து, அதற்கான நாட்குறிப்பு எண் (டைரி எண்) கிடைத்தபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. அதற்குப் பிறகே பரிசீலனை தொடங்கும். அச்சை இதற்காக நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவி தருகிறது. இது கையெழுத்துப் படிக்குத் தரும் உதவி, வருமான வரம்பும் உண்டு. அச்சடித்துவிட்டுப் போய் நிற்காமல், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்து, அதற்கேற்ப அச்சு நாளைத் தள்ளிவையுங்கள்.

10. அச்சுச் செலவு

டெமி என்ற நூல் அளவில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி, 16 பக்கம். உங்கள் நூல் 161 பக்கம் வந்தால் பதினோராவது பாரத்துக்கும் சேர்த்து 176 பக்கத்துக்குத்தான் செலவாகும். அந்த ஒரு பக்கத்தை எங்காவது சுருக்கிவிடுங்கள், இல்லையென்றால் மிச்சப் பக்கங்களில் சொற்பட்டியலைச் சேருங்கள். சில நூறு படிகளுக்கு டிஜிட்டல் அச்சு மலிவு. ஆப்செட்டில் தகடு செலவு இருப்பதால் படிகள் கூடினால்தான் கட்டுப்படியாகும். விலைப்புள்ளியை எழுத்தில் வாங்குங்கள்: உள்தாள் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு), அட்டை எத்தனை ஜிஎஸ்எம், பசைக்கட்டா நூல்கட்டா, எத்தனை முறை மெய்ப்புத் திருத்தம், பக்க அமைப்புக் கூலி உள்ளா வெளியா. வாய்ப்பேச்சில் விட்டால் கடைசி இரண்டிலும்தான் தொகை ஏறும்.

விற்பனைக்கு எத்தனை படி என்று கணக்கிடும் முன், சொலவடை சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒன்று, ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கும் ஒவ்வொன்று, அடுத்த பகுதியில் சொல்லப்போகும் நூலகங்களுக்கு நான்கு என்று தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

11. அச்சான 30 நாளுக்குள்

1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு படியைப் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். ஆசிரியரே பதிப்பாளரானால் இந்தக் கடமை உங்களுடையது. தவறினால் அபராதம் 50 ரூபாய் வரையும், அதோடு நூலின் விலையும் என்று சட்டம் சொல்கிறது. தொகை சிறிதுதான் என்று பலர் அனுப்பாமலே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விட வேண்டாம். பத்தாண்டு கழித்து உங்கள் ஊர்ச் சொலவடையைத் தேடும் ஒருவருக்கு அந்த நான்கு இடங்களில்தான் நிச்சயமாகப் படி கிடைக்கும். அஞ்சல் பதிவுச் சீட்டையும், கன்னிமாராவில் தரும் ஒப்புகையையும் ஒரே கோப்பில் வையுங்கள். பின்னர் பொது நூலகத் துறையின் கொள்முதலுக்கு விண்ணப்பிக்கும்போது தேடி அலைய வேண்டியிராது. மூல ஒலிப்பதிவுகளின் ஒரு படியை, ஒப்புதல் தாள்களின் நகலோடு, மேலே சொன்ன கல்லூரி அல்லது பல்கலைக்கழகத் துறை ஒன்றில் ஒப்படைக்கக் கடிதம் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றவர்களின் பதிவுகளைக் கொடுக்கும் முன், கோப்பின் பெயரிலும் பேச்சிலும் அவர்கள் பெயர் வருகிறதா என்று ஒருமுறை கேட்டு நீக்கிவிடுங்கள்.